எதைப் பிடித்து இழுக்கிறது?

எங்கள் குடும்பத்தில் வாழ்த்து மட்டையை வாசிக்கிற ஆட்கள் குறைவு. கையில் வாங்கியதும் முன்னும் பின்னும் திருப்பி, ஓரங்களைத் தடவி, "எதைப் பிடிச்சு இழுக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். அம்மம்மாகூட இப்போது அப்படித்தான். கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்தை வாசிப்பதெல்லாம் பிறகு, நேரம் கிடைத்தால். இந்தப் பழக்கத்தைப் பழக்கியது நான்தான். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், வருடப்பிறப்பு என்று எது வந்தாலும், இழுத்தால் அசைகிற, சுற்றினால் மாறுகிற, திறந்தால் எழும்புகிற மட்டைகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படிச் செய்கிறது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன கலர், என்ன பேப்பர், பூவை எப்படி வெட்டினது? எனக்குப் படம் கடைசி வேலை. வாங்குகிறவரின் கை என்ன செய்யப்போகிறது என்பதைத்தான் முதலில் யோசிப்பேன். இழுக்குமா, தள்ளுமா, சரிக்குமா, அழுத்துமா? அந்த அசைவு அந்த விசேஷத்துக்கு உரியதாக அமைந்துவிட்டால் படம் சுமாராக இருந்தாலும் மட்டை தப்பிவிடும். அமையாவிட்டால், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

பல்லுக்கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் எங்கள் பக்கத்தில் செய்கிற சடங்கு. பிள்ளையை நடுவில் இருத்தி, தலையில் ஒரு துணியைப் போட்டு, கொழுக்கட்டைகளை மெதுவாகத் தலைமேல் சொரிவார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் பல்லு வரிசையாகத் தேங்காய்ச் சொட்டுகள் குத்தியிருக்கும். பிறகு பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டில் கொப்பி, பேனை, காப்பு, கண்ணாடி என்று பரப்பிவைப்பார்கள். பிள்ளை முதலில் எதைத் தொடுகிறதோ அதை வைத்துப் பெரியவர்கள் அதன் எதிர்காலத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆக, சடங்குக்குள்ளேயே இரண்டு அசைவு இருக்கிறது. ஒன்று சொரிவது, மற்றது தெரிந்தெடுப்பது. மட்டை செய்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தங்கச்சியின் மகனுக்குச் செய்த மட்டையில் மேல்பாதி சொரிவதற்கு, கீழ்ப்பாதி தெரிந்தெடுப்பதற்கு. மேலே, சட்டைப் பெட்டியின் பிளாஸ்ரிக் மூடியை வெட்டி ஒரு சன்னல் வைத்தேன். சன்னலுக்கும் பின்மட்டைக்கும் நடுவே நாலு பக்கமும் தடித்த பஞ்சு ரேப். அது கிடைக்காவிட்டால் மட்டைக் கீற்றுகளை மூன்று நாலு அடுக்காக ஒட்டினாலும் சரி. உள்ளே பிறை வடிவில் வெட்டிய குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகள். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து நிமிர்த்தினால் எல்லாம் பிள்ளையின் தலையில் வந்து விழும்.

கேட்கச் சுலபம்தான். ஆனால் பேப்பர் பிளாஸ்ரிக்கில் உரசும்போது மின்னேற்றம் பிடிக்கும். கொழுக்கட்டைகள் விழாமல் சன்னலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மருந்து பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டாயம் இருக்கும்: பிள்ளைக்குப் பூசுகிற பவுடர். ஒட்டுவதற்கு முன்னால் சன்னலின் உள்பக்கத்தில் ஒரு சிட்டிகை தடவித் துடைத்துவிட்டால் போதும். பேப்பருக்குப் பதிலாகச் சவ்வரிசி போடலாமே என்று மச்சாள் சொன்னார். சவ்வரிசி அருமையாக உருளும். எறும்பும் அருமையாக வரும்.

கீழ்ப்பாதியில் ஒரு சுழல் தட்டு. 5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டம். அதன் மையத்தை மட்டையின் வலது ஓரத்திலிருந்து 4.5 சென்ரிமீற்றர் உள்ளே வைத்தால் அரைச் சென்ரிமீற்றர் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெருவிரலால் அதைத் தள்ளினால் தட்டு சுழலும். வட்டத்தை 45 பாகைப்படி 8 பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு படம் வரையலாம். முன்மட்டையில் வெட்டிய சின்னச் சன்னலில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். கொப்பி, பேனை, காப்பு, ஸ்டெதஸ்கோப், கிரிக்கெற் மட்டை, தகப்பனின் மோட்டார்சைக்கிள் திறப்பு, ஒரு கைபேசி, ஒரு நண்டு. நண்டு ஏன் என்று கேட்கக்கூடாது. அந்த வீட்டில் நண்டுக் கறிக்கு இருக்கிற மரியாதை அப்படி.

சடங்கு அன்று பிள்ளை தட்டில் இருந்த கண்ணாடியைத் தொட்டது. அதில் திருப்திப்படாத பெரியவர்கள் மட்டையை எடுத்து, தங்களுக்கு வேண்டியது வரும்வரை சுற்றினார்கள். பெரிய மாமா ஸ்டெதஸ்கோப்பில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று அலுமாரிக்கு மேல் வைத்தார். பொடியன்கள் கதிரை போட்டு ஏறி நண்டுக்கு மாற்றினார்கள். பொழுதுபடும்வரை இதுதான் நடந்தது.

இந்தச் சுழல் தட்டு பழைய சங்கதி. 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் மத்தேயு பாரிஸ் என்ற துறவியின் கையெழுத்துப் பிரதியில் இப்படிச் சுற்றும் தட்டு உண்டு. 1540இல் ஜேர்மனியில் பீற்றர் அப்பியன் அச்சிட்ட வானியல் நூலில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றைச் சுற்றிக் கிரகங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்களும் சுற்றிப் பார்த்தது பிள்ளையின் எதிர்காலத்தைத்தான். அவர்கள் கொஞ்சம் கணக்கோடு சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நத்தார் வாழ்த்து மட்டை மட்டும் நேரமில்லாதவர் ஒருவர் கண்டுபிடித்த சாமான். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு நத்தார்க் காலத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரம் போதவில்லை. ஜோன் கோல்கொற் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, அதை அச்சடித்து அனுப்பினார். மிஞ்சியதைக் கடையில் ஒன்று ஒரு சிலிங்குக்கு விற்றார்கள். விற்பனைக்கு வந்த முதல் நத்தார் மட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், வட்ஸ்அப்பில் காலையில் வருகிற மினுங்கும் ரோசாப்பூதான் கோலின் நேர் வாரிசு. அதைப் பழிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, நானும் அனுப்புகிறேன். கையால் செய்கிற மட்டை நேரத்தைத் தின்கிற சாமான். வருடத்தில் சிலருக்குத்தான் அதைச் செய்து கொடுக்க முடியும்.

சரி, சாமான்களுக்கு வருவோம். பிறிஸ்டல் போட் என்கிற தடித்த மட்டை டவுனில் எந்தக் கொப்பிக் கடையிலும் கிடைக்கும். அதைவிட நல்ல மட்டை வீடுகளில் சும்மா கிடக்கிறது: பழைய கலியாணக் காட்கள். தடிப்பு, வழுவழுப்பு, உள்பக்கம் அநேகமாக வெறுமை. இழுக்கிற நாக்கு, அதாவது வெளியே நீட்டி நிற்கிற மட்டைக் கீற்று, செய்வதற்கு அந்த வழுவழுப்பு மிக நல்லது, சொருகின இடத்தில் உரசிச் சிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கலியாணக் காட்டில் இருக்கிற சோடி உங்கள் மட்டையை வாங்குகிறவருக்குச் சொந்தம் என்றால் பெயர் தெரியாமல் வெட்டுங்கள். மடிப்புக் கோடு போட மை முடிந்த குமிழ்முனைப் பேனை, நேராக வெட்ட இரும்பு அடிமட்டமும் பிளேட்டும், கொஞ்சம் பைண்டர் கம். இவ்வளவும் இருந்தால் எல்லா வேலையும் செய்யலாம். போத்தல் கம் தண்ணீர் கூடினது, மட்டையை நெளியவைத்துவிடும். கோதுமை மாப்பசை வெசாக் வெளிச்சக்கூட்டுக்கு நல்லது. மட்டைக்குப் பூசினால் கரப்பான் வாசித்துவிடும்.

ஆனால் திருகோணமலையில் கடதாசி வேலை செய்கிறவருக்கு உண்மையான எதிரி காற்று. கச்சான் என்கிற கோடைக்காற்று வீசுகிற மாதங்களில் மட்டை காய்ந்து ஓரம் சுருளும், கம் பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். மாரி தொடங்கி வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் கொப்பித் தாளே தொய்ந்துபோய்க் கிடக்கும். கோடையில் சுகமாக ஓடிய நாக்கு மார்கழியில் இறுகிப்போய் நிற்கும்.

கடதாசியின் நார்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதும்போது நீளப்பாட்டில் அவ்வளவாகப் பெருக்காது, குறுக்குப்பாட்டில்தான் பெருக்கும். ஆகவே நாக்கை வெட்டும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். மட்டையை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த மடிப்போடு சமாந்தரமாக நார் ஓடுகிறது. பேப்பரைக் கிழித்துப் பார்த்தாலும் தெரியும், நார் ஓடும் பக்கம் நேராகக் கிழியும், மற்றப் பக்கம் கோணலாகப் போகும். மட்டையின் நடுமடிப்பு நாரோடு போக வேண்டும். இழுக்கிற நாக்குக்கு நார் நீளப்பாட்டில் ஓட வேண்டும், அப்போதுதான் தள்ளும்போது மடங்காது. நாக்கு 2 சென்ரிமீற்றர் அகலம் என்றால், அது போகிற வெட்டுக்கு மழைக்காலத்தில் 2 மில்லிமீற்றர் கூடுதலாக விடுவேன். கோடையில் 1 போதும்.

இனி மான். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மட்டை செய்கிறவர் மானைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. பிரெடெரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள் அங்கேயே நிற்பதில்லை. டவுனுக்குள் வரும், கடற்கரையில் படுக்கும், குப்பை மேட்டில் மட்டைப் பெட்டியையும் மெல்லும். கடதாசியின் அருமை தெரிந்த பிராணி! அண்ணாவின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தபோது, மான் தலையைக் குனிந்து கேக்கைத் தின்கிற மட்டை செய்தேன். மட்டையின் நாக்கை இழுத்தால் தலை குனியும், கேக்கில் ஒரு துண்டு காணாமல் போகும். தள்ளினால் தலை நிமிரும், துண்டு திரும்பி வரும்.

இதில் நெம்புகோல் கணக்குத்தான் எல்லாம். மானின் கழுத்தை ஒரு நீளத் துண்டாக வெட்டி, கழுத்து தொடங்குகிற இடத்தில் ஒரு அச்சு வைக்க வேண்டும். அச்சுக்கு மேலே 6 சென்ரிமீற்றர் கழுத்தும் தலையும், அச்சுக்குக் கீழே மறைவில் 1.5 சென்ரிமீற்றர் வால். அந்த வாலை நாக்கோடு இணைத்தால், கை 1 சென்ரிமீற்றர் இழுக்க, தலை ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் போகும். கை கொஞ்சம் அசைய, படம் நிறைய அசைகிறது. பிள்ளைகளுக்கு அதில்தான் மயக்கம். கேக்குத் துண்டு இன்னும் சுலபம். அது நாக்கின் மேலேயே ஒட்டியிருக்கிறது, இழுக்கும்போது ஒரு சன்னலின் ஓரத்துக்குப் பின்னால் நகர்ந்து மறைந்துவிடும். நாக்கின் உள்முனையை ஆங்கில T எழுத்து வடிவில் அகலமாக விட மறக்காதீர்கள். இல்லையென்றால் முதல் பிள்ளையே அதை முழுதாக உருவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்.

அச்சுக்கு என்ன போடுவது என்பதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். பித்தளைக் கவை ஊசி போடலாம், ஆனால் அதன் தலை முன்னால் தெரியும், மட்டையும் புடைக்கும். மியூனிக் நகரத்தில் லோதர் மெகன்டோர்பர் என்று ஒரு ஓவியர் இருந்தார், 1847 முதல் 1925 வரை வாழ்ந்தவர். ஒரே ஒரு நாக்கை இழுத்தால் மனிதனின் கை, தலை, கண் எல்லாம் வேறு வேறு திசையில் அசைகிற புத்தகங்களைச் செய்தார். அவர் அச்சுகளுக்குப் பயன்படுத்தியது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். கம்பியைத் துளையால் விட்டு, இரண்டு பக்கமும் நத்தை ஓடு மாதிரிச் சுருட்டித் தட்டையாக அழுத்திவிடுவது. அவ்வளவு மெல்லியது, அவ்வளவு இலகுவாகச் சுழலும். எனக்குச் செம்புக் கம்பி எரிந்துபோன மின்விசிறி மோட்டாரிலிருந்து கிடைத்தது. ஒரு மோட்டாரில் வருகிற கம்பி, ஒருவர் ஆயுளுக்குச் செய்கிற மட்டைகளுக்குக் காணும்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் செய்கிற கைவிசேட மட்டையை மட்டும் நான் பிள்ளைகளுக்காகச் செய்வதில்லை, அம்மம்மாவுக்காகச் செய்கிறேன். மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போய்வந்து, பஞ்சாங்கத்தில் சொன்ன நேரத்தில் பெரியவர்களின் கையால் காசு வாங்குவது கைவிசேடம். அதை உறையில் போட்டு நீட்டுவதில் ஒரு சுவையும் இல்லை. வெற்றிலை வடிவில் ஒரு மட்டைப் பை செய்தேன். ஒரு நாடாவின் ஒரு நுனியைப் பையின் வாயருகே உள்பக்கம் ஒட்டி, மிச்சத்தை உள்ளே தொங்கவிட்டு, காசுத்தாளை அந்த நாடாவின் மடியில் இருத்தவேண்டும். மற்ற நுனி வெளியே வெற்றிலைக் காம்பாக நிற்கும். காம்பைப் பிடித்து இழுத்தால் தாள் மெதுவாக மேலே எழும்பி வரும்.

காசுத்தாளின் அளவு இதற்கு வாய்ப்பாக இருக்கிறது. இப்போது புழங்குகிற தாள்களில் 100 ரூபாய்த் தாள் 138 மில்லிமீற்றர் நீளம், 5000 ரூபாய்த் தாள் 153. உயரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், 67. ஆகவே 7 சென்ரிமீற்றர் அகலத்தில் பை செய்து, தாளைக் குத்தாக வைத்தால் எந்தத் தாளும் போகும். யாருக்கு எவ்வளவு என்பது அம்மம்மாவின் இரகசியம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாது.

நாடாவை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக விடுவேன். ஒற்றைக் கையால் இழுத்தால் பையும் கூடவே வரும். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் இழுத்தால்தான் காசு எழும்பும். அம்மம்மா பிடிப்பார், பிள்ளை இழுக்கும். "மெல்ல, மெல்ல, கிழிச்சுப்போடாத" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கைவிசேடத்தில் காசு கைமாறுகிற அந்த நொடிதானே முக்கியம், அதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது இந்த மட்டை. எனக்கு மிகவும் பிடித்த பொறிமுறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். படமே கிடையாது, ஒரு பச்சை மட்டையும் ஒரு நாடாவும்தான்.

அசைவுக்குப் பொருள் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அது சில இடங்களில் கைவைக்கக் கூடாத பொருளாகவும் இருக்கும். கிண்ணியாத் தோழி ஒருத்தி தன் உம்மா வாப்பாவின் கலியாண நாளுக்கு ஒரு மட்டை கேட்டாள். காசு உருளும் மட்டை என்று ஒரு வகை உண்டு. மட்டையில் ஒரு நீளத் துவாரம் வெட்டி, அதற்கு முன்னால் ஒரு ஒரு ரூபாய்க் குற்றி, பின்னால் அதே அளவில் இன்னொன்று, இரண்டையும் துவாரத்துக்குள்ளால் சின்னப் பஞ்சு ரேப் துண்டால் இணைத்துவிடுவது. மட்டையைச் சரித்தால் காசு துவாரம் வழியே உருண்டு போகும். முன்காசின் மேல் ஒட்டிய படமும் கூடவே போகும். தண்ணீரில் போகிற எதற்கும் பொருத்தமான அசைவு. கிண்ணியா என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, பாலம் வருவதற்கு முன்னால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய பாதை என்கிற மிதவைப் படகு. அந்தக் காலத்துச் சோடிக்கு அதைத்தான் செய்திருப்பேன்.

செய்யவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து வீடு ஒன்றுக்கு, சரித்தால் ஆடி ஆடிப் போகிற படகை எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது? தோழி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2009இல் திறந்த பாலத்தை வரைந்தேன், 396 மீற்றர் நீளமான பாலம். துவாரத்தை அதன் மேல் வெட்டி, காசின்மேல் ஒரு பழைய சைக்கிளை ஒட்டினேன். முன்னால் உம்மா, மிதிக்கிறவர் வாப்பா. சரித்தால் சைக்கிள் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பக்கம் வரும், மற்றப் பக்கம் சரித்தால் திரும்பிப் போகும். வாப்பா அதைக் கிண்ணியாப் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வெளிச்சம் போட்ட மட்டைகளைப் பற்றியும் கேட்பீர்கள். செய்யலாம், கார்த்திகை விளக்கீட்டுக்கு அருமையாக இருக்கும். சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரி 3 வோல்ற். பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது, 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. செம்பு ரேப் கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளை மெல்லக் கீற்றாக வெட்டி ஒட்டினாலும் மின் ஓடும். எல்ஈடியின் நீளக் கால் நேர்முனைக்கு. விளக்குத் திரியின் படத்தில் விரலால் அழுத்தும்போது இரண்டு கீற்றும் தொட்டு வெளிச்சம் வரும்படி ஒரு இடைவெளி விட்டால், வாங்குகிறவர்தான் விளக்கை ஏற்றுகிறார். சிவப்பும் வெள்ளையும் ஒரே பற்றரியில் பக்கம் பக்கமாக இணைத்தால் சிவப்பு மட்டும் எரியும், ஏனென்றால் அதற்கு 2 வோல்ற் அளவு போதும், வெள்ளைக்கு 3 அளவில் வேண்டும். சிவப்பு மின்னை இழுத்துக்கொண்டுவிடும். ஒரே நிறமாகப் போட்டால் பிரச்சினை இல்லை. கடற்காற்றுக்குச் செம்பு ரேப் கறுத்துப்போகும், ஆகவே அடுத்த வருடக் கார்த்திகைக்கு அதே மட்டை எரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் பற்றரி மட்டை கொடுப்பதில்லை. இந்தக் காசுப் பற்றரியைப் பிள்ளை விழுங்கி அது தொண்டைக் குழாயில் சிக்கினால், 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே எரிகாயம் உண்டாகும். உயிர் போகக்கூடிய விஷயம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். கடையில் வாங்குகிற பாட்டுப் பாடும் காட்டுக்குள்ளும் பொத்தான் பற்றரிகள்தான் இருக்கின்றன, அதையும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புகிற மட்டையிலும் பற்றரி வைப்பதில்லை. லிதியம் பற்றரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பையை விட்டு, "பற்றரி அங்கே வாங்கிப் போடவும்" என்று எழுதிவிடுவேன். சித்தி அதைக் கஞ்சத்தனம் என்கிறார்.

பாட்டுக் காட் எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திறந்தால் கத்தும், மூடினால் நிற்கும், அதில் வாங்குகிறவருக்கு என்ன வேலை? மினுக்கத் தூளும் வேண்டாம், அது விசேஷம் முடிந்தாலும் சோற்றில் வந்துகொண்டிருக்கும்.

கோணேசர் கோயிலை எழும்பும் மட்டையாகச் செய்து தரச் சொல்லி வெளிநாட்டுச் சொந்தங்கள் அடிக்கடி கேட்பார்கள். அதிலும் இதே குறைதான் எனக்கு. கோபுரத்தை நடுவில் மடித்து, நடுமடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே சரிவில் ஒட்டிவிட்டால், திறந்தவுடன் அது தானாக எழும்பி நிற்கும். சரிவு ஒரு பக்கம் மாறினால் கோபுரம் கோணும், மட்டையின் அகலத்தைவிடக் கூடுதலாக உயர்ந்தால் மூடும்போது நுனி வெளியே எட்டிப் பார்க்கும். செய்வது சுலபம், பார்க்கவும் அழகு, ஆனால் திறந்ததும் கையின் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் நான் கோபுரத்தைச் சின்னதாக்கி, அது நிற்கிற மலையைப் பெரிதாக்கிவிட்டேன். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு இருக்கிற இடத்தில் மலை இரண்டாகப் பிரியும். விரலை விட்டு விலக்கிப் பார்த்தால், அடியில், அடுக்கடுக்கான நீலத் தாளுக்குள் கடலும் ஒரு ஆமையும் தெரியும். விலக்காதவர் கண்ணுக்கு ஆமை தெரியாது. ரொறன்ரோப் பெரியம்மா மட்டை கிடைத்துப் பல நாள் கழித்து, வேறு எதற்கோ போனில் கோல் எடுத்தவர், நடுவில் "அடியே, உள்ளுக்கு ஆமையெல்லோ கிடக்கு!" என்றார்.

இப்போது மேசையில் கிடப்பது சின்ன மாமாவின் அறுபதாம் கலியாணத்துக்கான மட்டை. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரளும் அருவி மட்டை. ஒரு நீளக் கீற்றில் முதல் மடிப்பை 6 சென்ரிமீற்றரில் போட்டு, அதன்பிறகு 1.5 சென்ரிமீற்றருக்கு ஒரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பின் மேல்விளிம்பிலும் ஒரு சதுரப் படத்தை மேல்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டால், கீற்றைக் கீழே இழுக்க இழுக்கப் படங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து அடுத்த படம் தெரியும். கீற்றைத் தாங்குகிற குறுக்குப் பட்டிக்கு இரண்டு நுனியில் மட்டும்தான் கம். நடுவில் ஒரு துளி பட்டாலும் அருவி நின்றுவிடும்.

பொறிமுறை முடிந்துவிட்டது. தலையிடி படங்களில்தான். எங்கள் ஆட்களுக்கு ஒருவர் போய்ச் சேர்ந்தபிறகு முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக இரவிரவாக அல்பம் கிண்டித்தான் பழக்கம். உயிரோடு இருக்கிறவருக்காகக் கிண்டினால், அவரும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு இது வேண்டாம், அது வேண்டாம் என்கிறார். மாமாவுக்கு மீசை இல்லாத படம் ஒன்றும் வரக்கூடாது. அம்மாவுக்கு, தன் தம்பியான மாமா நாலு வயதில் காற்சட்டை இல்லாமல் உப்புவெளிக் கடற்கரையில் நிற்கிற படம் கட்டாயம் வர வேண்டும். பெரிய மாமா வெளிநாட்டில் இருந்து தன் படத்தை அனுப்பியிருக்கிறார். தம்பி அதில் பின்னால் பாதி தெரிகிறார்.

மாமி இவ்வளவு நாளும் ஒன்றும் பேசவில்லை. நேற்றுத்தான் வந்து, கீற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்திலயும் இவர்தான் நிக்கிறார். நான் எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறுபதாம் கலியாணம் என்பது ஒருவருக்குச் செய்கிறது இல்லையே. மாமிக்கு ஐந்து படம் வேண்டுமாம். ஐந்து மடிப்புக் கூடினால் கீற்று 7.5 சென்ரிமீற்றர் நீளும், இப்போதுள்ள மட்டையில் இடம் போதாது. அம்மா கேட்ட அந்தக் காற்சட்டையில்லாத படத்தை எடுத்தாலும் ஒரு மடிப்புத்தான் மிச்சம். சனிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பெரிய போட் ஒன்று வாங்க வேண்டும்.